அடி எடுத்துக் கொடுக்கிறவர்

அரசு பாட்டை ஆரம்பிப்பதற்கு முன்னால் வலது பக்கம் ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வை விழுகிற இடத்தில் வருஷக்கணக்காகத் தனக்கோடிதான் உட்கார்ந்திருந்தார்.

அரசுவின் குரலை யாரும் குறை சொல்ல முடியாது. கட்டுமரத்தைக் கரைக்கு இழுக்கும்போது அடியில் மணல் உராய்கிற மாதிரி ஒரு கரகரப்பு. ஞாபகசக்தியும் நல்லதுதான். எவ்வளவு நீளமான பாட்டானாலும் நடுவில் தடுமாற மாட்டான். முதல் வார்த்தை மட்டும்தான் அவனுக்கு வராது. டோலக் ஆரம்பித்து, கூட்டம் அடங்கி, எல்லோரும் அவன் வாயையே பார்க்கிற நேரத்தில் மண்டைக்குள் யாரோ ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். உடனே வலது பக்கம் திரும்புவான். தனக்கோடி உதட்டை மட்டும் அசைத்து அந்த முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். அதைப் பிடித்துக்கொண்டான் என்றால் பிறகு அவனை நிறுத்த ஆளில்லை.

கூட்டத்துக்கு இது தெரியாது. பாட்டுக்காரன் சாமியை நினைத்துக்கொள்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். தனக்கோடிக்கு மட்டும்தான் தெரியும். அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிற புதுமேட்டுக் குப்பத்தில்தான் அந்தக் குழு உருவானது. கலங்கரை கானா குழு என்று பெயர். நாலு பேர். அரசு பாடுவான். ராஜாராம் புல்புல்தாரா என்கிற தந்தி வாத்தியம். மாயவன் டோலக். அருணகிரி பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவான். தொண்ணூற்று ஒன்றில் அம்மன் கோயில் திருவிழாவில் முதல் முறையாக மேடை ஏறினார்கள். ஏறின கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் குடம் விரிசல் விட்டுவிட்டது. எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க, தனக்கோடி வீட்டுக்கு ஓடினார். குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்த பித்தளைக் குடத்தை வாசலில் சாய்த்து ஊற்றிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு வந்து அருணகிரி மடியில் வைத்தார்.

பின்னாலேயே பொன்னி வந்துவிட்டாள். பொன்னி அவர் மனைவி. அரசுவுக்குச் சித்தப்பா மகள், அக்கா முறை.

"குடிக்கற தண்ணிய ஊத்திட்டுக் கொடத்தத் தூக்கினு வந்துகீறியே, சோத்துக்குக் கடல் தண்ணியா ஊத்தறது?"

"சும்மா இரு புள்ள, பாடப் போறான்."

"பாடட்டும். கேட்டுட்டுத் தலைல அடிச்சிக்கறேன்."

கேட்டாள். தலையில் அடித்துக்கொள்ளவில்லை. பித்தளையில் அருணகிரியின் விரல் பட்டதும் எழுந்த சத்தத்துக்கு முன் வரிசைப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் குடம் பாதி நாள் வீட்டிலும் பாதி நாள் குழுவிலுமாக இருந்தது.

தனக்கோடிக்குப் பாட வராது, தாளமும் நிற்காது. ஆனால் எங்கே நிகழ்ச்சி என்றாலும் போவார். திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், செங்கல்பட்டு என்று லோடு வண்டியில் ஏறிக்கொண்டு போய், மேடையின் வலது ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை செங்கல்பட்டில் சலூன் வைத்திருந்த உலகநாதன் என்பவர், அவரும் பெரிய ரசிகர், தெரியாமல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். தனக்கோடி அவர் தோளைத் தட்டி, "அண்ணாத்த, அது நம்ம எடம்" என்றார். உலகநாதன், "பட்டா வச்சிக்கினு கீறியா?" என்றார். பேச்சு முற்றிக் கைகலப்புவரை போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது பொன்னி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நாளிக்கு அரசுக்குப் பொண்டாட்டி வந்து அந்த எடத்துல ஒக்காந்தா அவளயும் எழுப்பிட்டு நீ ஒக்காருவியா?"

"எழுப்புவேன்."

"எழுப்புவ, எழுப்புவ. என்னிய என்னிக்கினா இப்பிடித் தேடினு போயிகீறியா நீ?"

குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது திருவிழாப் பாட்டு இல்லை, சாவு வீட்டுப் பாட்டுதான். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அரசுவைக் கூப்பிடுவார்கள். அவன் வந்ததும் பாட மாட்டான். வீட்டு ஆளைத் தனியாக அழைத்துப்போய், செத்தவரைப் பற்றி மூன்று சேதி கேட்பான். பெரிய சேதியெல்லாம் வேண்டாம். எப்படி வெற்றிலை போடுவார், எதற்குக் கோபப்படுவார், அந்த மாதிரி. பிறகு கடற்கரையில் கொஞ்ச நேரம் தனியாக நடந்துவிட்டு வந்து பாடுவான். செத்தவர் பெயரில்தான் பாட்டு ஆரம்பிக்கும். அடக்கம் முடிந்ததும் குடத்தைக் கடலில் கழுவுவார்கள். கழுவிவிட்டால் அந்தப் பாட்டு முடிந்தது. அதை இன்னொரு வீட்டில் பாடக்கூடாது, சும்மாகூட முணுமுணுக்கக்கூடாது. இது அவர்களாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. குப்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் அந்தப் பாட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

தொண்ணூற்றெட்டில் பொன்னிக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேப்பங்கொழுந்து, கீழாநெல்லி என்று பார்த்துவிட்டுச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அரசு வந்தான். அக்காவைப் பார்த்துவிட்டு, தனக்கோடியின் கையைப் பிடித்துத் தென்னை மரத்தடிக்கு அழைத்துப்போனான்.

"சொல்லு மச்சான்."

தனக்கோடி சொன்னார். மீன் கூடை தூக்கும்போது புடவைமேல் என் சட்டையைப் போட்டுக்கொள்வாள். எங்கே போனாலும் எதையாவது மறந்துவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி வருவாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், குடத்தைத் தட்டித்தான் கூப்பிடுவாள். விரல் மோதிரத்தால் இரண்டு தட்டு.

மத்தியானம் வெயிலில் பந்தலடியில் உட்கார்ந்தார்கள். டோலக் ஆரம்பித்தது. அரசு வலது பக்கம் பார்த்தான். பொன்னியின் தலைமாட்டில் தனக்கோடி உட்கார்ந்திருந்தார். அவளை அவர் பெயர் சொல்லி அழைத்ததே குறைவு. இந்தா, ஏ புள்ள, அவ்வளவுதான். அன்றைக்கு உதட்டை அசைத்து "பொன்னி" என்றார். அரசு எடுத்தான்.

பொன்னி எங்க போற, பொழுது விடியுமுன்னே
கூடைய மறந்துட்டியே, கொடத்தையும் மறந்துட்டியே
பாதி வழி போயிருந்தா பைய நீ திரும்பி வா
மாட்டி வச்ச சட்டையில மண்வாசம் போகலையே

அடக்கம் முடிந்ததும் அருணகிரி குடத்தைக் கடலில் கழுவினான். குடத்தை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினபோது தனக்கோடி வாங்கவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். வீட்டில் வைத்துக்கொண்டால் யாராவது தெரியாமல் தட்டிவிடுவார்களோ என்று பயம்.

அதற்கு முன்பே தோள்மூட்டு பிசகிக் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருந்தார். புல்வெளிக்குத் தண்ணீர் விடுவது, செம்பருத்தி வேலியை வெட்டுவது. பொன்னி போன பிறகு அவருக்கு இரண்டே இடங்கள்தான், ரிசார்ட்டின் புல்வெளியும் மேடையின் வலது ஓரமும்.

ஊரப்பாக்கத்திலிருந்து பிரவின்குமார் வந்தது அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ. கல்யாண மண்டபங்களுக்கு லைட், மைக் ஏற்பாடு செய்கிறவன். ஒரு வரவேற்பில் அரசுவின் பாட்டைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நீங்க இருக்கவேண்டிய இடமே வேற" என்றான். எந்த இடம் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ராஜாராமின் புல்புல்தாரா போய் நிதின் என்கிற காலேஜ் பையனின் கீபோர்டு வந்தது. ராஜாராமுக்குக் கோபமில்லை, கல்பாக்கத்தில் கேன்டீன் வேலை கிடைத்துப் போய்விட்டான். மாயவன் மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தான், அவன் இடத்துக்கு இன்னொரு பையன் வந்தான். நாலு பேரும் ஒரே மாதிரி கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டார்கள். கலங்கரை கானா குழு, லைட்ஹவுஸ் பாய்ஸ் ஆனது. அரசுவுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, தலையில் பாதி வழுக்கை.

"இதுல யாருடா பாய்ஸு?" என்று கேட்டார் தனக்கோடி.

"பேருதான மச்சான், வுடு" என்று சிரித்தான் அரசு.

இதையெல்லாம் தனக்கோடி பொறுத்துக்கொண்டார். சாவு வீட்டுக்குப் போவதை அவர்கள் நிறுத்தியதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மார்க்கெட்டுக்கு அது நல்லதில்லை என்று பிரவின்குமார் சொல்லிவிட்டானாம். பொறுக்க முடியாமல் போனது ரிசார்ட்டில்தான்.

அங்கே ஏதோ ஒரு கம்பெனிக்காரர்களுக்கு விருந்து. லைட்ஹவுஸ் பாய்ஸ் நிகழ்ச்சி. தனக்கோடிக்கு ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை. "நம்ம பசங்க, எங்க வூட்டுப் பசங்க" என்று காவலாளியிலிருந்து சமையல்காரர்வரை சொல்லி வைத்தார். முந்தின நாளே தண்ணீர் விடுவதை நிறுத்தி, விருந்தாளிகளின் காலணி நனையாதபடி புல்லைக் காய வைத்தார். சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடைக்குப் போனபோது மேலாளர் கை காட்டினார். "தனக்கோடி, கெஸ்ட் இருக்காங்க. நீங்க அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் என்றால் செம்பருத்தி வேலிக்குப் பின்னால். அங்கே நின்று பார்த்தார். டோலக் இருந்த இடத்தில் ஏதோ ஒரு பலகையைக் குச்சியால் அடித்தார்கள். அரசுவுக்கு எதிரே ஒரு கம்பியில் பாட்டு எழுதின தாள் இருந்தது. இருந்தும் அரசு வலது பக்கம் திரும்பினான். அங்கே பிரவின்குமார் நின்றுகொண்டு விரல் விட்டு ஒன், டூ, த்ரீ என்று எண்ணினான். அரசு தலையாட்டிவிட்டு, தாளைப் பார்த்துப் பாடினான்.

பெண்டாட்டியை இன்னொருவனோடு கடைத்தெருவில் பார்த்துவிட்ட மாதிரி தனக்கோடிக்கு நெஞ்சு எரிந்தது. இடத்தைப் பிடித்துக்கொண்டான், சரி. அந்த இடத்தில் நின்றுகொண்டு எண்ணுகிறானே! ஒன்று, இரண்டு, மூன்று, எந்தக் கழுதைக்கும் தெரியும். முதல் வார்த்தை தெரியுமா அவனுக்கு? மறுநாள் காலையில் மேடை போட்ட இடத்தில் புல் மஞ்சளாக நசுங்கிக் கிடந்தது. ஒரு மாதம் தண்ணீர் விட்டுத்தான் அதை எழுப்ப முடிந்தது. ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்கு வரும்போது குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் நிகழ்ச்சிகளுக்குப் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

லைட்ஹவுஸ் பாய்ஸின் கேசட் வந்தது இரண்டாயிரத்து மூன்றில். மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவில் கீபோர்டும் பலகைச் சத்தமுமாக ஒரு பாட்டு. அதற்கு நடுவில் டங், டங். பித்தளைச் சத்தம். இரண்டு தட்டு. தனக்கோடி திரும்பினார். யாரோ கூப்பிட்டதுபோல், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டடி நடந்துவிட்டார். பிறகு அரசுவின் குரல் வந்தது.

ஸ்வேதா எங்க போற, பொழுது விடியுமுன்னே
கூலிங்கிளாஸ் மறந்துட்டியே, கொடையையும் மறந்துட்டியே

ஆட்டோக்காரன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். உள்ளே உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள் கூடவே பாடினார்கள். பாதி வழி திரும்பி வருவது வந்தது. மாட்டி வைத்த சட்டை வந்தது. பிறகு தனக்கோடிக்குத் தெரியாத ஒரு சரணம் வந்தது.

சிப்பி மாலை வித்தவளே, சில்லறைய எண்ணினவளே
விக்காத மாலை ஒண்ணு யாருக்குன்னு சொல்லலியே

அவர் டம்ளரை வைக்க மறந்து பஸ் ஏறப் போனார். டீக்கடைக்காரர் கத்திக் கூப்பிட்டு வாங்கிக்கொண்டார்.

நேராக அரசு வீட்டுக்குப் போனார். அரசு மாடி கட்டிக்கொண்டிருந்தான். வாசலில் மணலும் ஜல்லியும் குவிந்திருந்தன. பனியனோடு நின்று செங்கல் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "வா மச்சான், இன்னா வாசல்லயே நின்னுட்ட, உள்ள வா. நாஸ்தா ஆச்சா?" என்றான்.

"கொடத்தக் கடல்ல கழுவுனமா இல்லியா?"

அரசுவுக்குப் புரிந்துவிட்டது. "கழுவுனோம்" என்றான்.

"கழுவுனா பாட்டு முடிஞ்சிபோச்சின்னு யாரு சொன்னது? எத்தினி வூட்ல சொல்லிகீற!"

"இது வேற பாட்டு மச்சான். மெட்டு மட்டுந்தான்…"

"சட்டை மெட்டா? பாதி வழில திரும்பறது மெட்டா? கொடத்தத் தட்டறது மெட்டா? எம் பொண்டாட்டியத் தூக்கினு போயி ஆட்டோல வுட்டுகீறியே, எவனெவனோ தாளம் போடறான்!"

செங்கல் இறக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அரசு குரலைத் தாழ்த்தினான்.

"பேர வச்சனா நானு? கேசட் கம்பெனிக்காரன் பொன்னின்னே இருக்கட்டும், ஊர்வாசனையா கீதுன்னான். நாந்தான் ஒத்துக்கல. அக்கா பேரு வேணாம்னு அவங்கிட்ட எவ்ளோ சண்ட புடிச்சேன் தெரியுமா?"

"அதுக்குத்தான் எவளோ ஒரு ஸ்வேதாவக் கூட்டியாந்தியா? அவ கூலிங்கிளாஸப் போட்டுக்கினு எம் பொண்டாட்டி சட்டைய மாட்டிக்கினு திரியறாளா?"

அரசு சிரிப்பை அடக்கினான். அதுதான் தனக்கோடிக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. நிஜமாகக் கேட்க வந்ததை அப்போதுதான் கேட்டார்.

"அந்த சிப்பி மாலை இன்னாது? நான் சொல்லலியே அத்த."

"உனக்குத் தெரியாதா?" அரசு உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "சின்னதுல கடற்கரைக் கோயிலாண்ட சிப்பி மாலை வித்துக்கினு இருந்துச்சி அக்கா. தட்டத் தூக்கினு நானும் கூடவே போவேன். வெள்ளக்காரன் வந்தா இங்கிலீஷ்ல வேற பேசும். ஒரே ஒரு மாலைய மட்டும் எவ்ளோ குடுத்தாலும் விக்காது. தனியா முடிஞ்சி வச்சிக்கும்."

"யாருக்கு?"

"அத்த நீ அதுங்கிட்டதான் கேக்கணும். அது உனக்குப் பொண்டாட்டி ஆவறதுக்கு முன்னாடியே எனக்கு அக்கா, மச்சான்."

தனக்கோடி திரும்பி நடந்தார். பின்னால் அரசு கூப்பிட்டான். "மாசி கடைசில பொத்தேரில காலேஜ் புரோக்ராம் கீது. கோவத்த வுட்டுட்டு வந்து பாரு. அந்தப் புள்ளைங்க எப்பிடிக் கேக்குதுன்னு பாரு."

வீட்டுக்கு வந்து பொன்னியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். இரண்டு புடவை, பாதி தேய்ந்த சீப்பு, ரேஷன் கடைப் பை. சிப்பி மாலை இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே யாருக்காவது கொடுத்திருப்பாளோ? அறுந்து போயிருக்குமோ? இத்தனை வருஷம் கூட வாழ்ந்த தனக்குத் தெரியாத ஒன்று அரசுவுக்குத் தெரிந்திருக்கிறது; அரசு வழியாக ஆட்டோக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஞானம்பாளிடம் விசாரித்தார். "வயசுப் பொண்ணு ஆயிரம் முடிஞ்சி வச்சிருக்கும். செத்தவ கணக்கு உனக்கெதுக்குண்ணா இப்போ?" என்று சொல்லிவிட்டு அவள் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டாள்.

புல்லுக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் இதே யோசனை. கடைசியில் ஒன்று தீர்மானித்தார். பொத்தேரிக்குப் போவது. வலது பக்கம் போய் நிற்பது. அரசுவுக்கு முதல் வார்த்தை மறக்கும். பிறவியிலேயே இருக்கிற குறை, டி-ஷர்ட் போட்டால் போய்விடுமா? அவன் திரும்பும்போது பிரவின்குமார் எண்ணுவதற்கு முன்னால் உதட்டை அசைத்து அவர் "பொன்னி" என்று கொடுக்க வேண்டும். அரசு பழக்கதோஷத்தில் அதைப் பிடித்துக்கொள்வான். ஒரு தடவையாவது மைக்கில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், அந்தப் பாட்டு அவள் பாட்டாக ஒலிக்கட்டும். ஸ்வேதா ஒழியட்டும்.

செங்கல்பட்டுவரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். காலேஜ் மைதானத்தில் அவ்வளவு பெரிய கூட்டத்தைத் தனக்கோடி தேர்த் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வேட்டி கட்டியவர் அவர் ஒருவர்தான் என்பதால், யாரோ வாத்தியார் வீட்டுப் பெரியவர் என்று நினைத்துப் பிள்ளைகள் வழிவிட்டார்கள். மேடையின் வலது ஓரத்தில் கட்டியிருந்த சவுக்குக் கட்டைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் ஒரு உயரமான ஸ்டூலின்மேல் அவருடைய குடம் இருந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் ரோஜா சுற்றி, ஜிகினாத்தாள் ஒட்டி, அழகுக்கு வைத்திருந்தார்கள். அதன் சத்தத்தை நிதினின் கீபோர்டுக்குள் ஏற்றிவிட்டார்களாம். கட்டை விரலால் அமுக்கினால் போதும். குடத்தைத் தொட வேண்டிய வேலையே அருணகிரிக்கு இல்லை.

மூன்று நான்கு பாட்டு முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் தாள் இருந்தது, பிரவின்குமாரும் இருந்தான். தனக்கோடி காத்திருந்தார். பக்கத்தில் நின்ற பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். கழுத்தில் தொங்கின அட்டையில் பிரதீபா என்று இருந்தது.

"அங்கிள், நீங்க காலேஜ் ஸ்டாஃபா?"

"இல்லம்மா. நான் பாடறவன் ஊரு."

"அரசு அண்ணா ஊரா?" அவள் தோழியின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், இங்க பாரு, இவங்க அவர் ஊராம்! அங்கிள், ஸ்வேதா நிஜமாவே இருந்தாங்களா?"

தனக்கோடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருந்தாங்க அங்கிள், எனக்குத் தெரியும். அவரோட லவ்வர். செத்துட்டாங்க. அந்தச் சிப்பி மாலை அவருக்காகத்தான் வச்சிருந்தாங்க, கொடுக்கிறதுக்குள்ள வேற ஒருத்தருக்குக் கட்டி வச்சிட்டாங்க. அதான் அவர் அப்படிப் பாடுறாரு. எங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும். ஸ்வேதாங்கிறது மாத்தின பேரு. ஒரிஜினல் பேரு மட்டும் யாருக்கும் தெரியல."

"யாரு சொன்னது உங்களுக்கு?"

"பாட்டைக் கேட்டாலே தெரியுதே அங்கிள்!"

அதே நேரத்தில் மேடையில் பிரவின்குமார் தாள் இருந்த கம்பியை எடுத்து ஓரமாக வைத்தான். அடுத்தது ஸ்வேதா பாட்டு, அதை அரசு நடந்துகொண்டே பாட வேண்டும். வயரில்லாத மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு, சால்வையோடு காத்திருந்த யாரோ பெரிய மனிதரைக் கூட்டிவரக் கீழே இறங்கிப் போய்விட்டான். வலது பக்கம் காலியாக இருந்தது.

டங், டங்.

கூட்டம் ஓவென்று இரைந்து, பிறகு ஒரேயடியாக அடங்கிற்று. அரசு மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான். கொண்டுபோனவன் அப்படியே நின்றான். அந்த முழி தனக்கோடிக்குத் தெரியாதா? துடைத்துவிட்டது. அரசு வலது பக்கம் திரும்பினான். யாருமில்லாத இடத்தைப் பார்த்தான். கண் கீழே இறங்கித் தடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் வந்து நின்றது. பழைய பார்வை. கொஞ்சமும் மாறவில்லை.

தனக்கோடியின் நாக்கு நுனியில் அந்தப் பெயர் இருந்தது. உதட்டைச் சேர்த்தார். திறந்தால் போதும்.

திறந்தால் என்ன ஆகும்? அரசு பாடுவான். இந்தப் பிரதீபா, "ஒரிஜினல் பேரு கிடைச்சிடுச்சு!" என்று தோழியைக் கட்டிக்கொண்டு குதிப்பாள். மைதானம் முழுக்கப் பொன்னி, பொன்னி என்று கத்தும். நாளைக்கு ஹாஸ்டலில், ரயிலில், ஷேர் ஆட்டோவில் எல்லாம் பொன்னி. அரசுவின் காதலி பொன்னி. சிப்பி மாலை முடிந்து வைத்திருந்த பொன்னி. கட்டினவன் என்று ஒருவன் இருந்தானாம், அவன் யாரோ.

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அரசு புருவத்தை உயர்த்தினான். குடு மச்சான் என்று கண் கெஞ்சியது. தனக்கோடி இல்லையென்று தலையைக்கூட ஆட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். நிதின் மறுபடி அமுக்கினான். டங், டங். அரசுவின் நெற்றியில் வியர்வை பளபளத்தது. தன்னிடம் மட்டும்தான் சாவி இருக்கிறது, தான் திறக்காவிட்டால் பாட்டே இல்லை என்று அந்த ஒரு கணம் தனக்கோடிக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அந்தக் கணம் நீளவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒருவன் "ஸ்வேதா!" என்று குரல் கொடுத்தான். உடனே பத்துப் பேர். உடனே மைதானமே. ஸ்வேதா எங்க போற, பொழுது விடியுமுன்னே என்று ஆயிரம் தொண்டைகள் முதல் அடியை எடுத்துக் கொடுத்தன. அரசு சிரித்தான். அவன் மறந்ததே அவர்களுக்காகப் போட்ட நாடகம் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. அவன் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிக் கொஞ்ச நேரம் பாடவிட்டு, பிறகு தானும் சேர்ந்துகொண்டான். அதற்குப் பிறகு வலது பக்கம் திரும்பவில்லை.

பிரதீபா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஸ்வேதாவைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும் என்று நினைத்தார் தனக்கோடி. தொண்டை கிழியக் கூப்பிடட்டும். சட்டையை அவளே போட்டுக்கொள்ளட்டும், பாதி வழியிலிருந்து அவளே திரும்பி வரட்டும். நல்ல வேளை.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனார். பிரவின்குமார் கையை நீட்டி மறித்தான். "சார், ஆட்டோகிராஃப்னா அந்தப் பக்கம்."

"கொடத்த வாங்கினு போவ வந்தேன்."

"எந்தக் குடம்? ஸ்டேஜ்ல இருக்கிறதா? ஐயோ, அது எங்க அடையாளம் சார், போஸ்டர்லயே இருக்கு!"

அரசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். நேராக மேடைக்குப் போய்க் குடத்தை எடுத்துவந்தான். நின்ற இடத்திலேயே பிளாஸ்டிக் ரோஜாவைப் பிய்த்துக் கீழே போட்டான். ஜிகினாத்தாள் வரவில்லை. நகத்தால் சுரண்டினான்.

"உன்னியத்தான பாத்தேன். ஏன் மச்சான் வாயத் தொறக்கல?"

"உனுக்கென்னா, எடுத்துக் குடுக்க ஊரே கீது."

"ஊரு கீது." அரசு சுரண்டிக்கொண்டே இருந்தான். "சாப்ட்டுப் போ. வேன்ல கொண்டாந்து வுடறேன்."

"வேணாம். ரயிலு கீது."

"அந்த மாலை…" என்று ஆரம்பித்தான் அரசு.

"சொல்லாத" என்றார் தனக்கோடி. குடத்தை வாங்கிக்கொண்டு நடந்தார்.

செங்கல்பட்டில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டார். கழுத்தருகே கொஞ்சம் ஜிகினா மிச்சமிருந்தது. உள்ளே கை விட்டபோது பிளாஸ்டிக் இதழ் ஒன்று கிடைத்தது, வெளியே எறிந்தார். பஸ் கிளம்பியதும் டிரைவர் கேசட்டைப் போட்டார். வேறு ஏதோ பாட்டு. தனக்கோடி இரண்டு கையாலும் குடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார், பள்ளத்தில் பஸ் குலுங்கும்போது தன் விரலிலிருந்த மோதிரம் பட்டுச் சத்தம் வந்துவிடாதபடி.

கண்டக்டர் வந்தார்.

"இன்னா பெரியவரே, பித்தளையா? லக்கேஜ் போட்டுடட்டா?"

"மடிலதான கீது."

"அது சரி." கண்டக்டர் குனிந்து ஜிகினாவைப் பார்த்தார். "கல்யாணச் சீரா? யாரூட்டுக் கொடம்?"

"எங்க வூட்டுக் கொடம்" என்றார் தனக்கோடி.